வேலியோர வரிசை

முந்தல்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி? எண்ணெய் பூசுறனீங்களோ? நான் நல்ல சுகம். போனில சொன்னால் பாதியில அழத் தொடங்குவியள், அதுதான் எழுதுறன். பயப்பிட ஒண்டுமில்லை, எல்லாம் முடிஞ்சுது.

இஞ்ச காட்டாமணக்கு விதையில டீசலுக்குப் பதிலா ஊத்த எண்ணெய் எடுக்கிறம். பசளை கூடினால் எண்ணெய் கூடுமோ எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை. ஒத்துப் பாக்கிறதுக்காக ஒரு பாத்திக்குப் பசளையே போடுறேல்லை. போன கிழமை பாத்தால், எங்களோட வேலை செய்யிற, பக்கத்து உடப்பு ஊர் இரஞ்சிதமக்கா அந்தப் பாத்திக்கு மீன் கழுவின தண்ணி ஊத்துறா! "மத்ததெல்லாம் திங்க, இது மட்டும் பட்டினி கெடக்கணுமா தம்பி?" எண்டு கேக்கிறா. மீன் தண்ணியும் பசளைதானே. ஒரு வருச வேலை போச்செண்டு ஓடிப்போய் வாளியைப் பறிச்சன்.

நல்லகாலம், வாளி பாரமெண்டு வேலியோர வரிசைக்கு மட்டும்தான் ஊத்தியிருக்கிறா. ஓரத்தில நிக்கிறதுகளை நாங்கள் கணக்கில எடுக்கிறேல்லை. நேற்று எண்ணெய் பிழிஞ்சு பாத்தம். யூரியா அள்ளிப் போட்ட பாத்தியில விதை கூட, ஆனால் கிலோவுக்கு எண்ணெய் குறைவு. பட்டினி கிடந்ததில விதை கொஞ்சம், கிலோவுக்கு எண்ணெய் கூட. கேட்ட கேள்விக்கு விடை கிடைச்சதில மனேஜருக்குச் சந்தோசம். எனக்கும் மூச்சு வந்தது.

நீங்கள் இடிச்ச மிளகாய்த்தூள் கொஞ்சம் பஸ்ஸில குடுத்து விடுங்கோ. இரஞ்சிதமக்கா இப்ப மத்தியானத்தில எனக்கு மீன்குழம்பு கொண்டு வாறா. "செடிக்குத்தானே ஊத்தப்படாது, தம்பிக்கு ஊத்தலாந்தானே" எண்டு சொல்லி ஊத்துறா. அவவின்ர குழம்பில உறைப்புக் காணாது. அதுக்குத்தான் தூள் கேக்கிறன், வேற ஒண்டுமில்லை.

வேலைக்குக் கூட்டிப் போற வான் வந்திட்டுது அம்மா.

மகன்
சிவகரன்