நாறாத கார்

இன்று காலை ரேஷன் கூப்பனுக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். டின்னை வாங்கும்போது கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. வேட்டியில் துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தால் அதே வாடை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். செத்துப்போன கூட்டாளி மேல் இன்னும் என்ன கோபம் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்தக் காரோடு மல்லுக்கட்டியவர்கள் நீயும் நானும்தானே.

நாம் வாங்கும்போதே அது கிழட்டுக் கார். மில்காரர் ஒருவர் வேண்டாமென்று தள்ளிவிட்டதை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வாடகைக்கு ஓட்டினோம். பெரும்பாலும் நீ ஓட்டுவாய், நான் ஆள் பிடிப்பேன். பெட்ரோல் டாங்கி பின்னால் இல்லை. முன்கண்ணாடிக்கு வெளியே, எஞ்சினுக்கு மேலே இருந்தது. அதன் மூடி, பார்க்கிறவர்களுக்கு வண்டியின் நெற்றி மாதிரி தெரியும். வண்டி ஓடும், ஏற்றம் ஏறும், எல்லாம் சரி. ஆனால் நாறியது. ஆண்டாளைச் சேவிக்கப் புறப்பட்டவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். திரும்பிப் போகும்போது பஸ் ஏறிவிடுவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். உன் மனைவி உண்டானபோதுதான் நம் தூக்கம் போயிற்று. முதல் பிள்ளையை அவள் மாட்டுவண்டியில் இழந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை காரில்தான் என்று நீ சொன்னாய். அவள் ஒருநாள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். தெருமுனை தாண்டுமுன் இறங்கி வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள்.

"அண்ணே, இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். கொடலப் பெரட்டுது. போனா மாட்டுவண்டியிலயே போறேன்" என்றாள் என்னிடம். உன் முகத்தை நீ திருப்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நாம் பட்ட பாடு! குழாய் மூட்டில் பார் சோப்பைத் தேய்த்து அடைத்தோம். தக்கை வாஷரை மாற்றினோம். பட்டறை ராஜு கார்புரேட்டரைக் கழற்றி, மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "ஏமி லேது, ஒண்ணும் இல்ல" என்று மாட்டிக் கொடுத்தார். செம்புக் குழாயையே புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் காலையில் வாடை இருக்காது. நீ பல்லைக் காட்டிக்கொண்டு வருவாய்.

"ஏலே, இப்ப மோந்து பாரு. போயிருச்சுல்ல?"

உச்சி வெயிலில் வண்டி கொஞ்சம் நின்றால் போதும், கார்புரேட்டரிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிடும். போன வாடை திரும்பி வந்து நம் மடியில் உட்காரும். எனக்கு மண்டை வெடிக்கும். வண்டியைக் கொளுத்திவிடலாம் என்று கத்தியிருக்கிறேன். "கொளுத்துறதுக்குப் பெட்ரோல் தனியா வேண்டாம்லே" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்கு வலி எடுத்ததும் ஓர் உச்சிவேளையில்தான். மாட்டுவண்டிக்காரன் வத்திராயிருப்புப் பக்கம் போயிருந்தான். வேறு வழியில்லாமல் காரில் ஏற்றினோம். முந்தானையை மூக்கில் திணித்துக்கொண்டு பின்னால் கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே வந்தேன். மம்சாபுரம் விலக்கில் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. அவள் ஓவென்று அழுதாள். நீ இறங்கி, கர்த்தரையும் ராஜுவையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்கி மூடியைத் திருகினாய். வரவில்லை. பல்லைக் கடித்துத் திருகினாய். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

நீ அப்படியே நின்றாய். பிறகு மூடியைத் திருப்பி மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டினாய். சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு பொடித் துளை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மூடிக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தது நீதான். அய்யனார் கோவிலுக்கும் ஆண்டாள் கோவிலுக்கும் போகிறவர்கள் பொட்டில்லாத வண்டியில் ஏற யோசிப்பார்கள் என்று நீயாகவே ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேதக்கோவிலில் போதகர் கேட்டபோது, "பொட்டு வண்டிக்குத்தான் ஐயா, எனக்கில்ல" என்றாயாம். பழசைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுசு. டாங்கி மூச்சுவிட இருந்த ஒரே துளையை அடைத்துவிட்டாய். வெயிலில் உள்ளே பெருகிய ஆவி, வெளியே போக வழியில்லாமல் பெட்ரோலைப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. ஓடும்போது காற்று உள்ளே போகாமல் எஞ்சினைப் பட்டினி போட்டிருக்கிறது. நானும் ஒரு மடையன்தான், வாராவாரம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!

மூடியை இறுக்காமல் வைத்து ஓட்டினாய். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன்னைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை நான் அப்படியே விழுங்கிவிட்டேன்.

பிறகு உலகச் சண்டை வந்தது, பெட்ரோல் கூப்பனுக்குப் போயிற்று. எல்லோரையும்போல நாமும் வண்டியின் முதுகில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் எஞ்சினை ஓட்டும் கரிக்கேஸ் உலையை மாட்டினோம். உனக்கு ஒரே கொண்டாட்டம். "இனி நாத்தம்ங்கிற பேச்சே இல்ல. எம் பொண்டாட்டி மூக்கப் பொத்த மாட்டா" என்று ஊரெல்லாம் சொன்னாய். கூப்பனுக்குக் கிடைக்கிற கொஞ்சத்தையும், நமக்கெதுக்கு என்று கேட்டவனுக்குக் கொடுத்தாய்.

போன ஐப்பசி அடைமழையில் உனக்கு வாந்திபேதி. விடிகாலையில் தொடங்கியது, வெயில் ஏறுமுன் கண் உள்ளே போய்விட்டது. உப்புத்தண்ணீர் ஏற்றினால் பிழைப்பாய் என்று கம்பவுண்டர் சொன்னார். உன்னைக் காரில் கிடத்திவிட்டு உலையை மூட்டினேன். கரி நனைந்திருந்தது. உலையை ஊதும் விசிறியைச் சுற்றினேன், சுற்றினேன், புகைதான் வந்தது. உன் மனைவியும் வந்து சுற்றினாள். அவள் உள்ளங்கை கொப்பளித்தது. நீ கண்ணைத் திறந்து, "பிடிச்சிருச்சாலே?" என்று கேட்டாய். பிடித்துவிட்டது என்று சொன்னேன். பிடிக்கவில்லை. ஒரு பாட்டில் பெட்ரோல் இருந்திருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்போம். கடைசியில் அது பிடித்து, நடைவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

காரில் ஒரு பொட்டு நாற்றம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது கூப்பன் பெட்ரோலை யாருக்கும் கொடுப்பதில்லை. கல்யாணத்துக்குக் கேட்டாலும் இல்லை. ஒரு டின் எப்போதும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும், பிரசவமோ பேதியோ யார் வந்து கதவைத் தட்டினாலும். அந்த டின்னும் லேசாகக் கசிகிறது, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. இன்று சாயங்காலம் உன் மனைவியையும் மகளையும் கோவிலில் கொண்டுபோய் விட வண்டியை எடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் வாடை அடித்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"டின்னை இறக்கி வச்சிட்டு வாரேன் தங்கச்சி, செத்த நேரம் பொறு" என்றேன்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, டின் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணே. நாறட்டும்."