சிம்னியில் ஒரு விரல் தடம்

அக்கா,

அலுவலகம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அரிக்கேன் விளக்கை ஏற்றினேன். மண்ணெண்ணெய் வாடை மெல்லப் பரவியதும், வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது போலிருந்தது. நீங்கள் இறந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே மலை மட்டும் இருந்தது.

எங்கள் தெருவுக்கு நீங்கள் முதலில் வந்ததும் இப்படி ஒரு சாயங்காலம்தான். ஓவியம் படித்தவர், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, துணிகளுக்கு டிசைன் போடுகிறவர் என்பதெல்லாம் அப்போது தெரியாது. வீடு வீடாக, தேய்ந்த கரண்டியும் நெளிந்த சொம்பும் வரைவதற்கென்று இரவல் கேட்டீர்கள்.

"பழைய ஏனத்துக்குப் பேரீச்சம்பழம் குடுப்பியாம்மா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்க, தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு எங்கள் கரண்டியைத் திருப்பிப் பார்த்து, "ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாரு. இது உங்கம்மாவோட கை," என்றீர்கள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆனாலும் நாலு பேர் முன் வாய் திறக்க மாட்டேன். அன்று உங்களிடம் மட்டும் சொன்னேன்: "எங்கப்பாவோட கையும் இருக்குக்கா."

நான் காட்டியது, அப்பா போன பிறகு ஏற்றாமலே ஆணியில் தொங்கிய அரிக்கேனை. அதன் வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். புகை படிந்த சிம்னியில் அவர் கட்டைவிரல் தடம் அப்படியே இருந்தது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தத் தடத்தை வரைந்து தருவதாகச் சொன்னீர்கள்.

மறுநாள் நீங்கள் வந்தபோது விளக்கு பளபளவென்று இருந்தது.

"வெளி மனுஷங்க கைல அழுக்கா குடுப்பாங்களா? சாம்பல் போட்டு நல்லா தேச்சிட்டேம்மா," என்றாள் அம்மா, பெருமையாக.

நான் சிம்னியைத் தடவிப் பார்த்தேன். "அதுலதாம்மா அப்பா வெரல் இருந்திச்சு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் கிளம்பிவிடவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, "அவரு இத எப்படிம்மா புடிப்பாரு?" என்றீர்கள்.

அம்மா விளக்கைத் தொடவில்லை. வெறும் கையைத் தூக்கிக் காட்டினாள். "கம்பி லூஸு, சிம்னி ஆடும். கட்டவெரலால சிம்னிய அமுக்கினேதான் தூக்குவாரு. சுடும்னா கேக்க மாட்டாரு. பொண்ணு படிக்கசொல்லோ வெளிச்சம் ஆடக் கூடாதாம்."

அந்தக் கையை வரைந்தீர்கள். விளக்கை வரையவில்லை. வளையல் போட்ட கை, விரல்களுக்கு நடுவே வெற்றுக் காகிதம். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவரே நிக்கறாப்ல இருக்கு," என்றாள்.

அந்தப் படம் இப்போது என் எதிர்ச் சுவரில் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அந்த வெற்றிடம் லேசாக மஞ்சளாகிறது, உள்ளே யாரோ திரி ஏற்றியது போல.

கரண்ட் வந்துவிட்டது. விளக்கை ஆணிக்குக் கொண்டுபோகத் தூக்குகிறேன். என் கட்டைவிரல் தானாகவே சிம்னியை அமுக்குகிறது. அந்தக் கம்பியை நான் இன்னும் மாற்றவில்லை, அக்கா. சுடுகிறது.