இயற்றியவர் கலீலுர் றஹ்மான்

786

ஜமாலியா,
திருகோணமலை.
14.08.1966

அன்புத் தோழி பரீனாவுக்கு ஸல்ஹா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் இங்கு சுகம். உன்னுடைய சுகமும் உன் மாப்பிள்ளையின் சுகமும் அறிய ஆவல். சின்னவளின் இருமல் மாறியதா? கொழும்பு மழை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இங்கே மழைக்கு வழியில்லை. கச்சான் காற்று அடித்து, முற்றத்து மண்ணெல்லாம் குசினிக்குள் வந்து கிடக்கிறது. கிணற்றில் கயிற்றை இன்னும் இரண்டு முழம் கூட்டிக் கட்டியிருக்கிறோம். மாமிக்குக் கண் பார்வை முந்தியைப்போல் இல்லை. ஆளைக் குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறா.

நாங்கள் ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறோம். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த கப்பல்காரன் ஒருவனிடம் இவர் வாங்கி வந்தார். அலுமாரிக்கு மேல் வைத்து, நான் தைத்த துணியால் மூடியிருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் பாட்டுப் போகும் நேரம் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி அக்காவும் வந்துவிடுவா.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு ஆண்குரல் படித்தது.

கரையில விளக்கிருக்கு
காத்திருக்கக் கண்ணிருக்கு
வாறன் எண்டு சொன்ன சொல்லு
வழியில எங்க போச்சோ

தலையில வெச்ச கையின்
சூடின்னும் ஆறல்லியே
ஆரிட்டக் கேட்டறிவேன்
அக்கரையில் என்ன சேதி

என் கையில் துருவலகு பட்டு இரத்தம் வந்தது. பாட்டு முடிந்ததும், இயற்றியவர் கொழும்பு கலீலுர் றஹ்மான் என்று சொன்னார்கள். காது பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் கேட்டேன். அதற்கடுத்த கிழமையும் கேட்டேன். உன் மாப்பிள்ளையின் பெயர்தான்.

பரீனா, நீ கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று பின்னேரம், கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாளில் எழுதின அந்தக் கவியை உன் கையில் நான்தான் தந்தேன். வீட்டில் வைத்திருந்தால் மாமி கண்டுவிடுவா, நீ வைத்திரு என்றேன். ஒரு கண்ணுக்கும் காட்ட மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாய். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஊர் முழுக்கக் கேட்கிறது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. குணேஸ்வரி அக்காவின் மனிசன் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது அவர்களோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். முதல் வருஷம் நாலு கடிதம், அதோடு சரி. அவ அந்தப் பாட்டைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “இதை எழுதினவனுக்கு என்ர வீட்டுக் கதை எப்பிடித் தெரிஞ்சது பிள்ளை?” என்று என்னிடம் கேட்டா. தேத்தண்ணிக் கடை முஹம்மது தம்பி நானா, அது துறைமுகத்தைப் பற்றின பாட்டு என்று அடித்துச் சொல்கிறாராம். கப்பற்படை போனதோடு அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது கப்பல்தான் என்கிறார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய தம்பி கப்பலில் வேலைக்கு ஏறி நாலு வருஷம். தகவல் இல்லை. அந்தப் பாட்டுப் போனால் இவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருப்பார். கிணற்றடியில் குளிக்கும்போதும் அதைத்தான் மெல்லப் படிப்பார். இது நான் எழுதினது என்று சொல்ல எத்தனை தரம் வாயெடுத்தேன் தெரியுமா? ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

எனக்கு முந்தி உன் ராத்தா அசனா சொல்லிவிட்டா. போன மாதம் ஆதம்பாவா ஹாஜியார் வீட்டுக் கலியாணத்தில், பெண்கள் இருந்த அறையில் வைத்துச் சொல்லியிருக்கிறா. “அது ஸல்ஹா எழுதின பாட்டு. பரீனாதான் எனக்குக் கடிதத்தில எழுதினவ. கலியாணத்துக்கு முந்தி ஆரை நினைச்சு எழுதினாளோ, பாவம்.” அந்தக் கதை மறுநாளே இவர் வேலை செய்கிற துறைமுகத்துக்குப் போய்விட்டது. வேலை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்து என்னைக் கேட்டார்: “தலையில கை வெச்சவன் ஆர்?”

உம்மாவை நினைத்து எழுதினது என்றேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் உனக்கு எழுத ஏலாது. “உம்மா எண்ட சொல்லே இந்த வீட்டில நான் உன்ட வாயால கேட்டதில்ல” என்றார். அது உண்மைதான். எனக்கு எட்டு வயதில் உம்மா வாப்பாவை விட்டு, மூதூரில் ஸைனுலாப்தீன் முதலாளியைக் கலியாணம் முடித்துப் போனது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்றிலிருந்து என்னை வளர்த்த மாமி வீட்டில் அந்தப் பெயர் எடுக்கக் கூடாது. எடுக்காமலே பழகிவிட்டேன். இறங்குதுறையில் லோஞ்சுக்கு ஏறும்போது என் தலையில் கை வைத்து, பெருநாள் கழிய வாறன் என்று சொன்னதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. கவியில்கூட உம்மா என்று எழுதக் கூசிப்போய் விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு இன்று இது வந்திராது.

இவர் இப்போது கிண்ணியாவில் தன் உம்மா வீட்டில் நிற்கிறார். வேலைக்கு அங்கிருந்தே பாதைப் படகில் ஏறி வந்து போகிறார். வெள்ளிக்கிழமையில் மட்டும் வந்து அரிசி சாமானை வைத்துவிட்டுப் போவார். முகத்தைப் பார்ப்பதில்லை.

பரீனா, உன் மாப்பிள்ளையின் பெயரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெயர் அவருக்கே இருக்கட்டும். உன் ராத்தாவுக்கு ஒரு கடிதம் எழுது. ஸல்ஹா அப்படிப்பட்டவள் இல்லை என்று எழுது. என்னை உனக்குத் தெரியும்தானே? நீ எழுதினால் நம்புவார்கள். சின்னவளுக்கு என் முத்தம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
ஸல்ஹா


786

ஜமாலியா,
திருகோணமலை.
19.10.1966

மரியாதைக்குரிய சகோதரி பரீனா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் கிடைத்தது. சின்ன மகள் சுகமாகி, பாலர் வகுப்புக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ். கெட்டித்தனமாகப் படிக்கட்டும்.

பெண்பிள்ளையின் பெயர் ரேடியோவில் வந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று பயந்துதான் தங்கள் கணவர் தன் பெயரைக் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஊர் கதைத்துவிட்டது. ராத்தாவுக்குச் சும்மா சந்தோஷத்தில் எழுதினேன் என்றும், அவ கூட்டிக் கதைப்பா என்று நினைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ராத்தாவுக்கு எழுதுங்கள் என்று நான் கேட்டதற்கு, சொந்த அக்காவைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை என்றீர்கள். என்னை எப்படியாக்கினாலும் மனம் வந்திருக்கிறது. கடைசியில் இன்னும் நாலைந்து கவி இருந்தால் அனுப்பும்படி தங்கள் கணவர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

இன்னொரு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். “நான் போகும்போது நீ அழுதழுது தந்த கவி. நான் உன்னை விட்டுப் போறதைத்தான் எழுதியிருக்கிறாய் என்று இவ்வளவு நாளும் நினைச்சிருந்தேன். என்னைப் பற்றினது என்னுடையதுதானே என்றுதான் இவரிடம் கொடுத்தேன்” என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு நான் பிறகு வருகிறேன்.

தங்கள் கடிதம் வந்த கிழமை, அரிசி கொண்டு வந்த இவரை மறித்து, என்னை மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். பதினாறு வருஷத்தில் நான் அந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை. இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை லோஞ்சில் போனோம். கடல் குலுக்கத் தொடங்கிவிட்டது. எனக்குச் சத்தி வந்தது. இவர் தண்ணீர் வாங்கித் தந்தார். 

உம்மாவின் வீடு பெரிய வீடு. முன்னால் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. உம்மா என்னை உடனே அடையாளம் கண்டா. கட்டிப் பிடித்து அழுதா. இவரை முன்னறையில் கதிரை போட்டு இருக்க வைத்து, எங்களுக்குத் தேத்தண்ணியும் தொதலும் தந்தா. தலை நரைத்துவிட்டது. என் கை காலெல்லாம் தடவிப் பார்த்து, மெலிந்துபோனாய் என்றா. அங்கேயும் ஒரு ரேடியோ இருந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்க, உம்மாவே அந்தக் கதையை எடுத்தா.

“வியாழக்கிழமையில ஒரு பாட்டுப் போகுதே, விளக்கு எரியிற பாட்டு, நீ கேட்டிருக்கியா?” என்றா. கையிலிருந்த தொதலைத் தட்டில் வைத்தேன். கேட்டிருக்கிறேன் என்றேன். “எனக்கு அதைக் கேட்டா அழுகைதான் வரும். சின்னவன் மட்டக்களப்புக்குப் படிக்கப் போனவன், மாசத்துக்கு ஒருக்கா வாறன் எண்டுதான் சொன்னவன். இப்ப பெருநாளைக்கும் வாறானில்ல” என்றா.

சின்னவன் என்றது ஸைனுலாப்தீன் முதலாளிக்குப் பிறந்த மகனை.

அது நான் எழுதினது என்றேன். உங்களை நினைத்துத்தான் எழுதினேன் உம்மா என்றேன். உம்மாவுக்கு விளங்கவில்லை. “என்னையா? நான் இஞ்சதானே இருந்தனான். எங்கயும் போகல்லியே” என்றா. நான் இறங்குதுறையைச் சொன்னேன், தலையில் கை வைத்ததைச் சொன்னேன், பெருநாள் கழிய வாறன் என்ற சொல்லைச் சொன்னேன். எட்டு வயதில் மாமிக்குத் தெரியாமல் அங்கே போய் நின்ற பின்னேரங்களையும் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்து, “வாறன் எண்டு நான் சொன்னனா புள்ள?” என்று கேட்டா.

பொய் சொல்லவில்லை சகோதரி. உண்மையாகவே அறியக் கேட்டா. அவவுக்கு ஞாபகம் இல்லை.

தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அதைக் குடித்துவிட்டு எழும்பினேன். வாசலில் ஒரு சாக்கு அரிசி தந்தா. இவர் வேண்டாம் என்றார். அப்போதுதான் முன்னறையிலிருந்து இவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது லோஞ்சில் இவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு அது தம்பிட பாட்டாத்தான் இருந்தது. நீ எழுதினது எண்டு கேள்விப்பட்டவுடன அவன் அதுக்குள்ள இருந்து போயிட்டான். வேற ஒருத்தன் வந்து நிண்டான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு.”  பிறகு, “என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. இறங்குதுறையில் எத்தனையோ பேர் பார்க்க என் கையைப் பிடித்து இறக்கினார். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் இப்போது கிணற்றடியில் பாட்டு இல்லை.

குணேஸ்வரி அக்கா மட்டும் மாறவில்லை. “நீ ஆரை நினைச்சு எழுதினாலும் எனக்கென்ன பிள்ளை? எனக்கு அது என்ர மனிசன்தான்” என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வழக்கம்போல வந்து குந்துகிறா. அவவுக்காகத்தான் ரேடியோவைப் போடுகிறேன்.

இனித் தாங்கள் ராத்தாவுக்கு எழுதத் தேவையில்லை. நம்ப வேண்டியவர் நம்பிவிட்டார். தங்கள் கணவருக்கு அனுப்ப என்னிடம் வேறு கவி இல்லை. இனி எழுதினாலும் கிழித்துக் கொடுக்கக் கூடிய ஒற்றைத் தாளில் எழுத மாட்டேன்.

தங்களைப் பற்றின கவி என்று நினைத்ததாக எழுதினீர்களே, அதற்குத்தான் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு கிழமை இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். ஓம், அது உங்களைப் பற்றினதுதான் என்று எழுதிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். எழுதினால் நீங்கள் செய்தது பாதிக்குப் பாதி சரியாகிவிடும், உங்களுக்கும் மனம் ஆறும். அப்படி எழுத முடியவில்லை. நீங்கள் போன அன்று நான் அழுதது உங்களுக்காகத்தான். மூன்று நாள் சாப்பிடவில்லை, மாமியைக் கேட்டால் சொல்லுவா. ஆனால் அதற்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. உங்களை நினைத்துக் கவி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் எங்கே போனாலும் என்னுடைய ஆள் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் எனக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. இதை முதலில் உங்களுக்கு எழுத வேண்டும் என்று எப்போதோ நினைத்திருந்தேன். இப்போது கடைசியில் எழுதுகிறேன். துஆச் செய்யுங்கள். பெருநாளோடு ஊருக்கு வருவதாக ராத்தா சொல்லித்திரிகிறா. ஊருக்கு வருகிறவர்களை வீட்டுக்கு வாருங்கள் என்று அழைப்பது எங்கள் முறை. அழைக்கிறேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதிரை இழுத்துப் போடுவேன், தேத்தண்ணி தருவேன். கதைக்க வருமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் போனாலும் போதும்.

அல்லாஹ் உங்கள் வீட்டுக்கு எந்தக் குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸல்ஹா