பெரியவருக்குப் பின் அவர் குரல்

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டியிருக்கிறதாம். அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருப்பதால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன், நடுநடுவே வருவது என் சொந்தச் சரக்கு. போனில் சொன்னால் அப்பா காதில் விழும்.

நேற்று டப்பிங் ஸ்டூடியோவில் நான் முதலில் கவனித்தது, திரையில் படம் ஓடவில்லை என்பதைத்தான். அப்பா டப்பிங் பேசும்போது நடிகரின் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார், உனக்கே தெரியும். பள்ளியை விட்டதிலிருந்து வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போகிறேன், ஒரு நாள்கூடத் திரை வெறுமையாக இருந்ததில்லை.

அப்பா குரல் கொடுத்த நடிகர், நம் பெரியவர், இறந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். அவர் சாகாத படம் எது என்று அம்மா கேலி செய்வாளே, இடைவேளைக்குள் செத்து நம்மை அழவைத்துவிட்டுப் போவார். டிவியில் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை, "நல்லாப் பாருடி, ஏதாவது படமா இருக்கப் போகுது" என்றாள். தொண்டையில் கட்டி வந்து அவர் குரல் கம்மிப் போனபின் கடைசிப் படங்களில் பேசியது நம் அப்பாதான், அது வெளியில் தெரியாது. அப்பா பேசப் பேசப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் உதட்டை அசைப்பார், அதைப் பார்த்துத்தான் அப்பா அவர் மூச்சு விட்டுப் பேசும் விதத்தைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் நான் ஒளிந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "கதவுக்குப் பின்னாடி ஒரு எலி நிக்குது, டீ குடிக்குமான்னு கேளுங்க" என்றார் கரகரவென்று.

நேற்று அவருடைய அண்ணன் மகன் வந்து, கடைசிப் படத்தில் ஒரு காட்சி பாக்கி என்று அப்பாவைக் கூட்டிப்போனார். திரை ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு, "மெஷின் ரிப்பேருங்கண்ணே, நீங்க பேசுங்க, நாங்க பொருத்திக்கிறோம்" என்றார். அப்பா பேசியது இதுதான்: "பாப்பா, இந்த வீட்ட அண்ணன் பையன்கிட்டயே விட்டுடு. நான் யோசிச்சுத்தான் சொல்றேன்." நடுவில் இருமச் சொன்னார், அப்பா இருமினார். பெரியவரே திரும்பி வந்ததுபோல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெரியவர் தன் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அந்த அக்கா இருப்பதும் அந்த வீட்டில்தான். மூச்சு சரியாக விழவில்லை, நாளைக்கு இன்னொரு தரம் பேசலாம் என்றார் அண்ணன் மகன். எப்போதும் பஸ் ஸ்டாப்பைக் கைகாட்டி அனுப்புகிறவர், நேற்று காரில் கொண்டுவந்து விட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "சினிமான்னா எல்லா வீட்லயும் ஒரு பாப்பா இருக்கும், உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்றார். "வெளுத்ததெல்லாம் பாலுன்னு குடிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்ல" என்றாள் அம்மா. அப்பாவுக்கும் உறுத்துகிறது என்றுதான் நினைக்கிறேன், சாப்பிடும்போது ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டார். ஆனாலும் அந்தக் குரலில் இன்னொரு நாள் பேசக் கிடைக்கிறதே என்ற ஆசை அவருக்கு. குரல் போகுமுன் பெரியவர் பேசி வைத்தது என்று அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினால், தன் அப்பா சொல்லைத் தட்டாத அந்த அக்கா வீட்டைக் கொடுத்துவிடுவார்.

அம்மா சொல்கிறாள்: நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடும், நோய் நொடி உன்னை அண்டாது. குளிரில் காதை மூடிக்கொள். சிரித்துப் பேசுகிறார்கள் என்று எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அத்தைக்கு ஒரு போன் போடு, மறந்துவிட்டாய் என்று குறைப்படுகிறாள்.

இவ்வளவு எழுதியபோது வாசலில் அந்தக் கார் வந்து ஹாரன் அடித்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் பின்வாசல் வழியாகப் பெரியவர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்த அந்த அக்காவை நிமிர்ந்து பார்க்காமலே, "உங்கப்பா பேசுற மாதிரி யாராவது எதையாவது போட்டுக் காட்டினா நம்பாதீங்கக்கா, அது எங்கப்பா" என்று சொன்னேன்.

அம்மாவுக்காக,
உன் தங்கச்சி