அழிக்காமல் விட்ட நடுக்கோடு

இன்று காலை கார்க் கொட்டிலைத் திறந்தவுடன் மரத்தூள் மணம் முகத்தில் அடித்தது. நீர் கண்ணை மூடின பிறகு, நாம் பலகை வெட்டின அந்த மெஷின் ஒருநாளும் ஓடவில்லை. ஆனாலும் மணம் போகவில்லை. வேப்பம் பலகையும் முதிரைப் பலகையும் கலந்து, மோட்டர் சூட்டில் கொஞ்சம் கருகின மணம். ஒரு கணம் நீர் உள்ளே குனிந்து நிற்கிறீர் என்றே நினைத்துவிட்டேன். பிறகு லப்டொப்பைத் திறந்து, உம்முடைய கல்லறைக்கு வைக்க உம்முடைய அம்மா கேட்ட சிலுவைக்குப் படம் கீற உட்கார்ந்தேன்.

கடைசிவரைக்கும் நாங்கள் ‘நீர்’, ‘உமக்கு’ என்றுதான் கதைத்தோம். நாற்பது வயதுக்குப் பிறகு வந்த சிநேகம், அதற்குக் கீழே ‘நீ’ என்று இறங்க இரண்டு பேருக்கும் கூச்சம். நீர் குருநகரில் படகு என்ஜின் திருத்துகிறவர். நான் கொக்குவிலில் வீடு கட்டப் படம் கீறிக் கொடுக்கிறவன். ஒருநாள் பம்பு ஒன்றின் உடைந்த மூடியைக் கொண்டுவந்து, இதுக்கு ஒரு படம் கீறித் தாரும் என்று கேட்டீர். இரண்டு நாள் மினக்கெட்டுக் கீறிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வடிவாக் கிடக்கு. ஆனால் கடதாசி மூடி தண்ணி இறைக்காதே!” என்றீர். எனக்குப் பொல்லாத கோபம். கீறினதை வெட்டியும் காட்டுகிறேன் பாரும் என்றேன். எங்கள் மெஷின் கதை அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது.

கொம்பியூட்டரில் கீறினதை அப்படியே பலகையில் வெட்டுகிற மெஷின், பாகம் பாகமாகப் பார்சலில் வந்தது. குருநகர் உப்புக் காற்று உருக்குத் தண்டுகளைத் தின்றுவிடும் என்று கொக்குவிலில் எங்கள் கார்க் கொட்டிலில்தான் பொருத்திப் பூட்டினோம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு உம்முடைய மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்கும். நான் கொம்பியூட்டரில் படத்தைக் கீறுவேன். அதை மெஷினுக்கு விளங்குகிற கட்டளைகளாக மாற்றுவது உம்முடைய வேலை. அந்தக் கட்டளைகளை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்துப் பார்த்து வளைத்த பூவிதழ் முழுக்க எழுத்தும் எண்ணுமாய், பலசரக்குக் கடைத் துண்டு மாதிரிக் கிடந்தது.

“மெஷினுக்குப் பூ விளங்காது காணும்,” என்றீர். “போ, இறங்கு, வா, ஏறு. இவ்வளவுந்தான் விளங்கும். நீர் கீறினதை அது நம்பும். பிழையெண்டாலும் நம்பும்.”

அன்று அதை ஒரு பகிடியாகத்தான் கேட்டேன்.

உம்முடைய கவனம் எனக்கு எரிச்சல். பலகையின் மேல்மட்டத்தை மெஷினுக்குக் காட்டுவதை ‘சைபர் வைக்கிறது’ என்பீர். ஞாயிறு பூசையில் கொடுத்த தாளைப் பலகையில் வைத்து, சுழன்று வெட்டும் அலகை, அந்தப் பிட்டை, மயிரிழை மயிரிழையாக இறக்கி, தாளை இழுத்து இழுத்துப் பார்ப்பீர். தாள் பிடிபடும் இடம்தான் சைபர். பிறகு பிட்டை மேலே தூக்கிவிட்டு, வெட்டாமல் முழுவதையும் ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்ப்பீர். அந்த நேரத்துக்குள் நான் இரண்டு தேத்தண்ணி குடித்துவிடுவேன். “என்னப்பா, பலகைக்கு வகுப்பெடுக்கிறீரோ?” என்று நக்கலடிப்பேன். நீர் சிரித்துவிட்டு மறுபடியும் தாளை இழுப்பீர்.

ஒருநாள் நீர் ஒரு பலகையை, உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தீர். உம்முடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் உடைந்து கரைக்கு வந்தது. அதில் மிஞ்சின ஒரு பலகையை அம்மா இத்தனை வருடமும் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அம்மாவுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. கோவில் மதிலோரம் நின்று கொளுத்திவிட்டு வருவாராம். அந்தப் பலகையிலேயே அப்பாவின் பெயரை வெட்டி ஒரு சிலுவை செய்தால், சேமக்காலையில் ஒரு மூலையில் நட பங்குச் சுவாமி ஓமென்று விட்டார் என்றீர். வேறு பலகை இல்லை, கவனமாக் கீறும் என்றும் சொன்னீர். எனக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருடம் கோடு கீறுகிறவனுக்குச் சொல்கிற கதையா?

படம் கீறுகிறவன் முதலில் நடுக்கோடு ஒன்று போடுவான். இரண்டு பக்கமும் ஒரேயளவாய் வருவதற்கு. முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். வீட்டுப் படத்தில் அழிக்காமல் விட்டாலும் பரவாயில்லை, மேசன் அதைப் பார்த்துச் சுவரைப் பிளக்கமாட்டான்.

அன்று எழுத்துகள் நன்றாகத்தான் வெட்டுப்பட்டன. அப்பாவின் பெயர் முழுவதும் வந்தது. நீர் விரலால் தடவிப் பார்த்தீர். அடுத்தது சிலுவையைச் சுற்றி ஆழமாக வெட்டி எடுப்பது. தொடங்கமுதல் கரண்ட் நின்றது. வந்ததும் நீர் திரும்பவும் தாளை வைத்துச் சைபர் பார்த்தீர். காற்றிலை ஒருக்கா ஓட்டுவம் என்றீர். “விசரே உமக்கு? திரும்பக் கரண்ட் போகப் போகுது. வெட்டும்!” என்று கத்தினேன். நீர் வெட்டவிட்டீர். பிட் ஓரத்துக்குப் போகவில்லை. நேரே நடுவுக்கு வந்து, பெயரின் மேலேயே இறங்கியது. நீர் பாய்ந்து நிறுத்துவதற்குள் காய்ந்த பலகை படீரென்று நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

“சைபரைப் பிழையா வைச்சிட்டீர்!” எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நொடியும் ஆகவில்லை. யோசிக்கக்கூட இல்லை. நீர் பலகையைப் பார்த்தபடி நின்றீர். “இருக்கும்,” என்றீர். “கரண்ட் வந்த பதட்டத்திலை நான்தான் பிழை விட்டிருப்பன்.” பிளந்த இரண்டு துண்டையும் நீர் சாரத்தில் சுற்றினீர். நான் மெஷினில் கிடந்த தூளைத் துடைத்தேன்.

தனியே விடக்கூடாது என்று குருநகர்வரை கூட வந்தேன். அம்மா சாரத்தை விரித்துப் பார்த்தார். “ஆர் செய்தது?” என்று மட்டும் கேட்டார். நீர், “நான்தான் அம்மா. கவனிக்கேல்லை,” என்றீர். அவர் துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து உம்மோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாராம். நீர்தான் எனக்குச் சொன்னீர், அதையும் சிரித்தபடி. “கோபம் ஆறும். அவவுக்கு வேறை ஆர் இருக்கினம்?” என்றீர். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை என்ஜின் கொட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா உம்மோடு நாள்முழுதும் கதைத்தபடி இருந்தார். என்னால் அந்த வீட்டுக்குள் நிற்க ஏலாமல் போய்விட்டது.

இனி இன்று காலைக்கு வருகிறேன். உம்முடைய சிலுவையிலும் அப்பாவின் பெயருக்குப் போட்ட அதே எழுத்தைப் போடலாம் என்று அந்தப் பழைய படத்தைத் தேடினேன். ஒன்றுக்கு இரண்டாய் இருந்தது. ஒன்று நான் கீறினது. மற்றது, அதிலிருந்த திகதிப்படி, பலகை பிளந்த அடுத்த சனிக்கிழமை, நான் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் நீர் சேமித்து வைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து அதே. அளவு அதே. என்னுடையதில் நடுக்கோடு அப்படியே கிடக்கிறது, அதுவும் சுற்றி வெட்டும் கோடுகளோடு சேர்ந்து. உம்முடையதில் அது ஒன்றுதான் இல்லை.

சைபரில் பிழையில்லை. மெஷினிலும் பிழையில்லை. நான் விட்ட கோட்டை நம்பி அது இறங்கியிருக்கிறது. உமக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்திருக்கிறீர். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் வந்திருக்கிறீர். வீட்டுக்குப் போய், கதைக்காத தாயின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர். ஏன் காணும் ஒரு வார்த்தை சொல்லவில்லை? என்னுடைய கோட்டில் ஆரும் கைவைத்தால் நான் எப்படிக் குதிப்பேன் என்று உமக்குத் தெரியும். அதற்காகவா? உம்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன உம்மேல்! பிறகு அழுதேன். வெட்கமில்லாமல், மெஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் குருநகருக்குப் போனேன். அம்மா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் குந்தி இருந்து, வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “அம்மா, பலகை உடைஞ்சது அவரின்ரை பிழையில்லை. என்ரை பிழை. நான் கீறின படத்திலை ஒரு கோட்டை அழிக்காமல் விட்டிட்டன். மெஷின் அதையும் வெட்டிப்போட்டுது.”

அவர் நிமிரவில்லை. “தம்பி, அவன் என்ரை முகத்தைப் பாத்து, நான்தான் எண்டு சொன்னவன். நீரும் பக்கத்திலை நிண்டனீர்.”

“ஓம் அம்மா. நான் வாய் திறக்கேல்லை.”

“என்ரை பிள்ளை எனக்குப் பொய் சொல்லமாட்டான்.”

இரண்டு படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த இறால் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. “வேண்டாம் தம்பி. காட்டாதையும்,” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொல்வதை அவர் நம்பினால், ஒரு பிழையும் செய்யாத பிள்ளையோடு கதைக்காமல் இருந்து அவனை அனுப்பிவைத்தவர் ஆகிவிடுவார். அதைத் தாங்க அவருக்கு இனி உடம்பில் என்ன இருக்கிறது? நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அவர் விழுந்த இறாலை எடுத்துக் கழுவிக் கிண்ணத்தில் போட்டார். பிறகு சொன்னார்.

“நீர் நல்ல மனுசன். செத்தவனுக்காண்டிப் பழியை ஏற்கிறீர். உம்மடை வேலையையும் அவன் பழுதாக்கிப்போட்டான். மனசிலை வைச்சிராதையும். என்ரை பிள்ளையை மன்னிச்சுவிடும்.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிட்டன் அம்மா,” என்றேன்.

அவர் விம்மி அழுதார். அழுதபடியே ஈரப் பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு, கர்த்தர் காப்பாத்துவார் போயிட்டு வாரும் என்றார். பொழுது பட்டுவிட்டது. நெற்றியில் அந்த இறால் ஈரம் காய்ந்து கிடக்கிறது; நான் இன்னும் முகம் கழுவவில்லை.