ஆற வைத்த கிண்ணம்

அத்பாஷி,
12 நவம்பர் 1998

என் ஓரகத்தி தமீராவுக்கு,

ஆடு மாடு சுகம், ஆட்களும் சுகம். கொழுந்தன் மரத்தும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேனா பிடித்தால் கை வலிக்கும். அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்த பாவத்துக்கு நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தபாலாபீசுக்குப் போய் போனிலேயே பேசியிருப்பேன், குரல் இல்லை. மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய நாள் முதல் தொண்டை வலி. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிறது. காலையில் எழுந்தால் வாயெல்லாம் புளிப்பு. ஊர் ஆஸ்பத்திரியில் சளி என்று உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார்கள். கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கு உப்புக்கண்டம் ஆனதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் ஆட்டு வால்கொழுப்பை உருக்கிக் கொடுத்து, "குடி, எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்கிறார். கொதிக்கிற டீயில் விட்டுக் குடிக்கிறேன். அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு சாதிர் போய்விட்டார். துக்கக் கூடாரத்துக்குள் பெண்கள் எல்லாரும் வழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். ஒப்பாரியை எப்போதும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் காக்கா கத்துவது போல வந்தது. சாதிரின் மருமகள் என் காதுபடவே, "அக்காவுக்கு எங்க மாமாவுக்காக அழ மனசில்ல போல" என்கிறாள். இந்த ஊரில் செத்த அத்தனை பேருக்கும் அழுதவளைப் பார்த்து!

உன் மாடி வீட்டில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னாயே, கேட்டு எழுது. எனக்கு ஏதாவது ஆனால் முறைப்படி நீதான் ஒப்பாரி வைக்க வேண்டும். உனக்கோ தாலாட்டே ஒழுங்காக வராது. அந்தப் பயத்தில்தான் உயிரோடு இருக்கிறேன்.

உன் அக்கா
அனார்கான்


பிஷ்கெக்,
3 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் டிரைவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் காய வைத்த தயிர் உருண்டைகளும் வந்து சேர்ந்தன. உருண்டைகளை மரத் ஒளித்து வைத்துத் தின்கிறார்.

மாடி வீட்டு லாரிசா டாக்டரிடம் உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். வால்கொழுப்பு வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொண்டையில கோளாறு இல்லாமலும் இருக்கலாம், தமீரா. வயித்துப் புளிப்பு மேல ஏறி வந்து தொண்டையைச் சுடுது போல. கொழுப்பை நிறுத்தச் சொல்லு" என்றார். இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டுமாம். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாதாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, டீ ஆறியிருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது புண்ணிலேயே கொட்டுவது மாதிரி.

ஆனால் அக்கா, இதெல்லாம் அவருடைய ஊகம்தான். இத்தனை நாள் ஆனதால், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இங்கே வாருங்கள், ஏற்பாடு நான் செய்கிறேன். எனக்கு ஒப்பாரி வராதுதான். அதனால் நீங்கள் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் தங்கை
தமீரா


அத்பாஷி,
20 ஜனவரி 1999

தமீரா கண்ணு,

ஆடு மாடு சுகம், ஆட்கள் பட்டினி. கொழுப்பு கூடாது, வெங்காயம் கூடாது, இருட்டினால் சோறு கூடாது. உன் டாக்டரம்மா என்னைக் குருவி என்று நினைத்துவிட்டாரா?

செங்கல்லுக்கு நான் எங்கே போய்க் கட்டில் தேடுவேன்? தரையில் மெத்தை விரித்துப் படுக்கிறவள் நான். கல்யாணச் சீராக வந்த மெத்தைகளை எல்லாம் தலைப்பக்கம் அடுக்கிச் சாய்ந்து படுக்கிறேன். "ராணி மாதிரி உக்காந்துக்கிட்டே குறட்டை விடுறா" என்று உன் மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். புளிப்பு குறைந்திருக்கிறது, அது உண்மை.

டீ விஷயத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். நம் வீட்டில் பாதிக் கிண்ணம்தானே ஊற்றுவோம். அது ஆறுவதற்குள் கை தானாக எடுத்து வாயில் விட்டுவிடுகிறது. கிண்ணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன வாரம் மாட்டு டாக்டர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். அவருடைய மாமியார் கதை முடிந்து மாமியாரின் தங்கை கதை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் மாட்டு டாக்டரின் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்தேன். மனுசன் பார்த்தார், தொப்பியை எடுத்தார், "நான் கிளம்பறேன், பொழுது போயிருச்சு" என்று போயே விட்டார். வாயால் சொல்லாமல் ஆளைக் கிளப்ப அதைவிட வழி உண்டா?

ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும். மே மாதம் வருகிறேன், உன் குழாயை விழுங்க.

உன் அக்கா
அனார்கான்


பிஷ்கெக்,
14 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மெத்தை மடித்து வைத்திருக்கிறது, நீங்கள் இல்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினேன், உங்கள் ஊர்ப்பக்கம் போகும் நரின் வண்டி போய்விட்டது என்றார்கள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். லாரிசா எத்தனையோ பேரைக் கேட்டு வாங்கிய இடம் அது.

முதல் நாள் சாயங்காலமே உங்கள் முகம் சரியில்லை. மரத்தின் மேலதிகாரியும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்துவிட்டதால் உங்களோடு பேசவே முடியவில்லை. நீங்கள் டீயைத் தொடவேயில்லை. அவர்கள் போன பிறகு கிண்ணத்தை எடுத்தேன், ஏடு கட்டிக் கிடந்தது. குழாய்க்குப் பயந்துவிட்டீர்களா? "ஓநாய்க்கே பயப்படாதவங்க, ரப்பர் குழாய்க்கா பயப்படுவாங்க?" என்று மரத் கேட்கிறார்.

நாங்கள் ஏதாவது தப்பு செய்திருந்தால் திட்டி எழுதுங்கள். திரும்பி வாருங்கள், வேறு நாள் கேட்டு வாங்குகிறேன்.

உங்கள் தங்கை
தமீரா


மலை மேய்ச்சல்,
22 ஜூன் 1999

தமீராவுக்கு,

ஆடுகள் சுகம். ஒரு குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஞாபகம் வந்தது, அதனால் கிளம்பிவிட்டேன். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையே வைக்காமல், விளிம்பு வரைக்கும் கவனித்தாய்.

இங்கே வேலை அதிகம். எழுத நேரமில்லை.

அனார்கான்


பிஷ்கெக்,
9 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் பெயருக்கு முன்னால் 'உன் அக்கா' இல்லை. அதைக் கவனிக்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. காரணம்தான் தெரியவில்லை. நீங்கள் கொண்டுவந்த இறைச்சியைப் பால்கனியில் வைத்தேனே, அதுவா? அந்த மேலதிகாரி மனைவி மூக்கைச் சுளித்தாளே, அதுவா? அவள் யார் நமக்கு?

டிரைவரிடம் மாத்திரைகள் கொடுத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வருகிறவை, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. ஆனால் லாரிசா சொல்லச் சொன்னது இது: வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று மாத்திரைக்குத் தெரியாது. என் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லையென்றால் நரினிலாவது போய்ப் பாருங்கள். என் மேல் இருக்கும் கோபத்தை உங்கள் உடம்பின் மேல் காட்டாதீர்கள்.

உங்கள் தங்கைதான், நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும்,
தமீரா


அத்பாஷி,
5 அக்டோபர் 1999

தமீராவுக்கு,

உன் மாத்திரை ஒரு மாதம் நன்றாகக் கேட்டது. குதிரைப்பால் கூடக் குடித்தேன். நகரத்து டாக்டரும் வேண்டாம், நகரத்துச் சொந்தமும் வேண்டாம் என்று இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ரொட்டி பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். பிறகு இறைச்சி நின்றது. இப்போது பாலும் கஞ்சியும்தான். பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. தொண்டையில் இவ்வளவு அடைத்துக் கிடக்கும்போது இதையும் உள்ளேயே வைத்துக்கொள்ள இடமில்லை, சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு உன் வீட்டில் நான் இருமினேன். ஏப்பம் வந்தது, அடக்க முடியவில்லை. அந்தப் பெண் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சரி, அவள் வேற்றாள். நீ என்ன செய்தாய்? எல்லாருக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றினாய். எனக்கு மட்டும் விளிம்பு வரைக்கும் ஊற்றி, அவர்கள் கண் முன்னால் வைத்தாய். நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டாத விருந்தாளியைக் கிளப்புகிற மாதிரி என்னைக் கிளப்பினாய்.

நீ பிரசவத்தில் கிடந்தபோது உன் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். விடிந்ததும் கிளம்பினேன். வழியெல்லாம் அழுதேன், சத்தம்தான் வரவில்லை.

அனார்கான்


பிஷ்கெக்,
13 அக்டோபர் 1999

அக்கா, அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மரத் வந்து தூக்கினார்.

பாதிக் கிண்ணம் ஆறுவதற்குள் குடித்துவிடுகிறீர்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அதை லாரிசாவிடம் சொன்னேன். அவர், "அப்போ நிறைய ஊத்து. பிடி இல்லாத கிண்ணம், விளிம்பு வரைக்கும் இருந்தா சூட்டுல கையில எடுக்க முடியாது. ஆறுற வரைக்கும் காத்திருந்துதானே ஆகணும்?" என்றார். அவர் ரஷ்யக்காரி, எப்போதும் நிறையவே ஊற்றுகிறவர். அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். மறுநாள் குழாய், புண்ணில் சூடு படக்கூடாது என்ற ஒரே நினைப்பில், நம் வழக்கம் எனக்கு மறந்தே போய்விட்டது. மாட்டு டாக்டர் கதையைப் படித்து அப்படிச் சிரித்தவள் நான்! அந்த மனிதர்கள் முன்னால் உங்கள் நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் உங்களைப் பார்க்காமல் இருந்தேன்.

"இது ஆறட்டும் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்றைக்கே மச்சானோடு நரின் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நானும் கிளம்பி வருகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், போங்கள்.

தமீரா


அத்பாஷி,
8 நவம்பர் 1999

என் தங்கச்சி தமீராவுக்கு,

ஆடுகள் சுகம்.

நீ ஏறிய வண்டி கணவாய்ப் பனியில் மாட்டித் திரும்பிப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். வழி திறந்ததும் முதல் வண்டியில் இந்தக் கடிதம் வரும். அது திரும்பும்போது நீ ஏறு.

நரினில் குழாயை விழுங்கினேன். அப்படி ஒன்றும் பெரிய விஷயமில்லை, இதற்கா நான் பயந்தேன் என்று மரத்திடம் சொல். புற்று என்றார்கள். உணவுக்குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெட்ட முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவர் வெளியே போய்க் குதிரையைத் தடவிக்கொண்டு நின்றார்.

மே மாதமே பார்த்திருந்தால் என்று நீ கேட்பாய். நானும் டாக்டரிடம் கேட்டேன். அப்போதே ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார் என எழுதுகிறேன். நீ அதையே நம்பு, மேலே விசாரிக்காதே. நரினுக்குப் போய் அவரிடம் கேட்காதே. நான் கோபக்காரி, உனக்கு அது முன்பே தெரியும். ஒரு கிண்ணம் டீயைப் பார்த்து எழுந்து ஓடியவள் நான், துரத்தியவள் நீ அல்ல. உன் கடிதத்தை உன் மச்சானை விட்டுப் படிக்கச் சொன்னேன். ரஷ்யக்காரி சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கிறது, இருந்தாலும் சிரித்தேன்.

ஒப்பாரியைப் பற்றிக் கவலைப்படாதே. மற்றவர்களோடு திரும்பி உட்கார், உன் வாயில் வருவதைச் சொல். சாதிரின் மருமகள் குறை சொன்னால் சொல்லட்டும்.

எனக்கு இப்போது டீ மட்டும்தான் இறங்குகிறது, அதுவும் நன்றாக ஆறினால். இவர் பாதிக் கிண்ணம் பாதிக் கிண்ணமாக ஊற்றி ஊதி ஊதிக் கொடுக்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. நீ வந்ததும் டீத்தண்ணீர் கொதிக்க சமோவாரை வை. அவருக்குப் பாதி, உனக்குப் பாதி. எனக்கு விளிம்பு வரைக்கும் ஊற்று. நான் கிளம்புகிற நேரம்தான், அதைச் சொல்ல வீட்டு ஆள் நீ இருக்கும்போது வேற்றாள் எதற்கு? இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, என்னைப் பார்த்து ஊற்று. ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கலாம்.

அழுதுகொண்டே ஊற்றாதே, சிந்திவிடும்.

உன் அக்கா
அனார்கான்