கூண்டோடு பறந்து வந்த குருவி

மே 4, ஞாயிறு

விடியுமுன்னே மறுபடியும் அந்த விசில். பின்தெருப் பக்கமிருந்து வருகிறது. காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன் நான், எனக்கா தெரியாது? இது ஊதல் இல்லை. வேலைவெட்டி இல்லாத பயல் ஒருத்தன் பாதிப் பாட்டை மறந்துவிட்டு வாயால் அடிக்கிற விசில். வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருக்கிறாள். வேல்விழி நன்றாகத் தூங்குகிறாள். தூங்குகிறாளா, நடிக்கிறாளா?

மே 6

எதிர்வீட்டுக் கோமதிசங்கர்தான். சந்தேகமே இல்லை.

மே 7

கோமதிசங்கர் இல்லை. காலையில் நான் அவன் சட்டையைப் பிடித்தபோது அவன் வாய் நிறையப் பேஸ்ட் நுரை. அதே நேரம் எங்கள் தலைக்கு மேலே எங்கோ விசில் கேட்டது. துப்பிவிட்டுக் கேட்டான்: "நுரையோட எப்படி மாமா விசில் அடிக்க முடியும்?" நியாயமான கேள்விதான். பாதி நுரை என் சட்டையில். என் வீட்டுக்காரி பேச்சி துவைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

மே 9

மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டை ஒட்டி, பின்தெரு ரிபாயி பாய் வீட்டு மொட்டைமாடி. பாதி ஆயுளைத் துபாயில் கழித்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பினார். அவர் மனைவி கதீஜம்மாள் மகள் பிரசவத்துக்குச் சென்னை போயிருக்கிறார். மாடியில் ஒரு கூண்டு. உள்ளே ஒரு குருவி; மைனாவைவிடக் கொஞ்சம் வாட்டசாட்டம், உடம்பு கறுப்பு, நெற்றியிலும் தோளிலும் மயில்கழுத்து நீலம். அது வாயைத் திறந்தது. அதே விசில்! நான் தொட்டியிலிருந்து விழாதது பெரிய காரியம்.

"என்ன அண்ணாச்சி, தொட்டியில அடைப்பா?" என்றார் பாய்.

"ஆமா பாய்" என்றேன். வேறென்ன சொல்ல?

மே 13

தினமும் மாடிக்குப் போகிறேன். கேட்கக் கேட்க அலுக்கவில்லை. தொட்டியில் இன்னும் அடைப்பு எடுபடவில்லையா என்று பேச்சி கேட்கிறாள்.

மே 17

வேல்விழியும் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டாள். போனில் ஏதோ தட்டினாள். "சீகாரப் பூங்குருவிப்பா. மலைக்காட்டுல, ஓடைக்கரையில இருக்கிறது. இதைப் புடிச்சு அடைக்கக்கூடாது, சட்டப்படி குத்தம். வனத்துறைக்குப் போன் பண்ணப் போறேன்."

"ஏட்டி, நம்ம பக்கத்து வீட்டுக்காரரு!"

"குருவிக்கும் அவரு பக்கத்து வீட்டுக்காரராப்பா?"

இவளை யார் காலேஜில் சேர்த்தது? நான்தான்.

மே 20

விசில் இல்லை.

மே 21

இன்றும் இல்லை. பாய் வீட்டுக்கு நேரிலேயே போனேன். குருவி கம்பியில் முட்டி முட்டி நெற்றி தோலுரிந்து கிடக்கிறது. வைத்த பழம் அப்படியே இருக்கிறது. அந்த மயில்கழுத்து நீலத்தில் ரத்தம். கண்டக்டர் வேலையில் எத்தனையோ பார்த்தவன், இதைப் பார்க்க முடியவில்லை.

"விட்டுருவோம் பாய்."

பாய்க்குக் கோபம். "இத்தனை நாளும் தொட்டியில ஏறி நின்னு கேட்டீய, அப்ப இனிச்சுதோ?" என்றார். பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுல ஒரு சத்தம் இல்ல அண்ணாச்சி. கொண்டாந்தவன் இது மனுசன் மாதிரியே விசில் அடிக்கும்னான். வாங்கிட்டேன்."

"இது முட்டி முட்டி மவுத்தாயிட்டா அந்தச் சத்தமும் இருக்காதுல்லா பாய்?"

"எங்க கொண்டுபோயி விடணும்?" என்றார் பாய்.

மே 22

சிரிப்பு அடங்கின பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

வேல்விழி வனத்துறைக்குப் போன் செய்து கேட்டாள். புளியங்குடிப் பக்கம் மலையடிவார ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பாயும் நானும் பஸ்ஸில் போனோம். வழியில் யாருக்கும் தெரியக்கூடாதென்று பாய் கூண்டைக் கைலியால் மூடி மடியில் வைத்திருந்தார். பஸ் கிளம்பி, ஜன்னலில் காற்று அடித்ததும் குருவிக்கு உயிர் வந்துவிட்டது. நீளமாக ஒரு விசில். நடுக்காட்டில் டிரைவர் பிரேக் போட்டார்.

"யாருவே எறங்கணும்?"

யாரும் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் படியில் ஒரு காலை வைத்திருக்கும்போதே அடுத்தடுத்து இரண்டு விசில். பஸ் நகர்ந்துவிட்டது. "ஏலே, கொல்லப் பாக்கியா!" என்று அந்த அம்மாள் கத்த, கண்டக்டர் பிடித்து ஏற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தான். என்னிடம் வேலை பழகிய பையன் அவன்.

"அண்ணாச்சி, ரிட்டயர் ஆயும் பழக்கம் போகலையா?"

பாய் என் தொடையைக் கிள்ளினார். "வாய் சும்மா இருக்க மாட்டேங்கு தம்பி" என்றேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. என் சர்வீசில் ஒரு புகார்கூடக் கிடையாது!

ஆபீசில் வனவர் கேட்டார்: "எப்படி வந்துச்சு?"

பாய் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: "தானா பறந்து வந்துச்சு சார்."

"கூண்டோடயா?"

அதற்குமேல் பாயால் பொய் சொல்ல முடியவில்லை. விற்றவன் யார், எந்த ஊர், எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகத் திட்டு வாங்கினார். வனவர் காயத்துக்கு மருந்து போட்டு, இறக்கையை விரித்துப் பார்த்தார். "பறந்துரும்."

ஓடைக்கரையில் கூண்டைத் திறந்தார்கள். குருவி வரவில்லை. பறக்கவே மறந்துவிட்டதோ? பாய் குனிந்து, "போ மக்கா, போயிரு" என்றார். ஒரு தத்து. பாறைமேல் இன்னொரு தத்து. தண்ணீரில் தலையை முக்கி உதறியது. அவ்வளவுதான், மரங்களுக்குள் நீலமாய் ஒரு கோடு.

"ஒரு சலாம்கூடச் சொல்லலியே" என்றார் பாய். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மே 29

கதீஜம்மாள் மகளோடும் பேரனோடும் வந்துவிட்டார். அவன் அழுகிற அழுகை தெருமுனைவரை கேட்கிறது. பாய் முகத்தில் ஒரே வெளிச்சம்.

ஜூன் 22, ஞாயிறு

என் வீட்டு வேப்பமரக் கிளை மின்கம்பியில் உரசி, ஃபேன் ஊர்ந்துகொண்டிருந்தது. மின்வாரியத்தில் புகார் கொடுத்திருந்தேன். இன்று வெட்ட வந்தார்கள். வந்தால், மரத்தடியில் கைலியோடு கையை விரித்துக்கொண்டு ரிபாயி பாய்.

"மேல கூட்டுல குஞ்சு கெடக்குவே!"

"காக்காக் குஞ்சுதான பாய்?"

"காக்கான்னா எளக்காரமா? அது பறந்தப்பெறவு வாங்க."

யார் புகார் கொடுத்தது என்று லைன்மேன் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். "வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

அவர்கள் போனதும் தாய்க்காக்கா இறங்கி வந்து பாய் உச்சந்தலையில் ஒரு கொத்து கொத்தியது. "அதுக்கு நான் யாருன்னு தெரியாதுல்லா" என்று தலையைத் தடவிக்கொண்டே நின்றார், நகரவில்லை. மேலே இன்னொரு காக்கா வட்டம் போட்டது.

துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.